சேமித்த இடத்தைச் சொல்லாத பொத்தான்

என் போனில் 17 வீடியோக்கள் பாதியில் நின்றிருந்தன. எல்லாமே ஜாக்கெட் வெட்டும் வீடியோக்கள். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். துணி வரும்போது வெட்டுவதைப் படம்பிடித்து, கை ஓய்ந்த நேரத்தில் விளக்கம் பேசிச் சேர்த்து வெளியிடுவது வழக்கம். ஆடி முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கவில்லை. "வரைவில் சேமி" என்ற பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த துணியை எடுத்துக்கொண்டே போனேன்.

போன மாதம் போன் திணற ஆரம்பித்தது. கடைக்காரத் தம்பி பார்த்துவிட்டு, "இந்த ஒரு செயலியே ஏகப்பட்ட இடத்தை அடைத்திருக்கிறது அக்கா. நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள், உங்கள் கணக்கு எங்கேயும் போகாது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். கணக்கு வந்தது. பின்தொடர்பவர்கள் வந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் நான் கைக்குழியைத் தப்பாக வளைத்துக் காட்டிய வீடியோகூட அப்படியே வந்தது. அந்தப் 17 மட்டும் வரவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவையே அவைதான் என்பது பிறகுதான் உறைத்தது.

செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விஷயத்தில் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

கட்டுரை எழுதுகிறவருக்கு வரைவு போனால் நினைவிலிருந்து மறுபடி எழுதலாம். வெட்டிய துணியை மறுபடி வெட்ட முடியுமா? போனவற்றில் ஒன்று, ஒரு பெண் தன் அம்மாவின் பழைய பட்டுப்புடவையைக் கொண்டுவந்து அதிலிருந்தே ஜாக்கெட் கேட்டது. மடிப்பில் பட்டு இற்றிருந்தது. நல்ல பகுதியைத் தேடித் தேடி எடுத்து, கைக்குத் துணி போதாமல் ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டு தெரியாதபடி ஜரிகைக் கரையை மேலே கொண்டுவந்தேன். பதினோரு நிமிடம் எடுத்திருந்தேன், துண்டு துண்டாக. ஜாக்கெட் இப்போது அவரிடம் இருக்கிறது. எப்படி வந்தது என்பது என் கையில்தான் இருக்கிறது, அதைக் காட்ட வழியில்லை.

தேடாத இடமில்லை. கேலரியில் இல்லை, ஏனென்றால் செயலிக்குள் இருக்கும் கேமராவில் எடுத்திருந்தேன். கூகுள் போட்டோஸில் இல்லை. "சமீபத்தில் நீக்கியவை" என்று இன்ஸ்டாகிராம் போன்ற செயலிகளில் ஒரு மூலை உண்டு, நீக்கிய பதிவுகள் அங்கே 30 நாள் இருக்கும். வெளியிடாத வரைவு பதிவே ஆகாததால் அங்கேயும் போகாது. மகளின் போனில் அதே கணக்கைத் திறந்து பார்த்தேன். வெறுமை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு செயலிக்கும் பூட்டிய தனி அறை ஒன்று உண்டு. மற்ற செயலிகள் அதற்குள் எட்டிப்பார்க்க முடியாது. வரைவுகள் கிடப்பது அங்கேதான், நிறுவனத்தின் கணினியில் அல்ல. செயலியை நீக்கினால் போனே அந்த அறையை இடித்துத் தள்ளிவிடும். அமைப்புகளுக்குள் போய்த் தரவை அழித்தாலும் அதே கதிதான். தற்காலிகக் கோப்புகளான 'கேச்' அழிப்பதற்கும், வரைவுகளும் அடங்கிய 'டேட்டா' அழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் கைவைத்திருப்பார்களோ. அழிந்ததை மீட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் செயலிகளை நம்பாதீர்கள். அந்த அறையில் இருந்ததை அவற்றால் தோண்டி எடுக்க முடியாது. உங்கள் படங்களையும் தொடர்புகளையும் பார்க்க அனுமதி கேட்பதில் மட்டும் கில்லாடிகள்.

என் கோபம் 'சேமி' என்ற சொல்லின் மேல். நான் போட்ட ஒவ்வொரு விருப்பக்குறியையும் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள், நான் உழைத்துப் பாதி முடித்ததை மட்டும் என் போனிலேயே விட்டுவிடுகிறார்கள். அதில் நியாயமும் இருக்கலாம். முடிக்காத வீடியோ அவர்கள் கணினிக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் சில நாள் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் அதைப் பொத்தானுக்குக் கீழே ஒரு வரியில் எழுதினால் என்ன? "இந்தப் போனில் மட்டும் இருக்கும், செயலியை நீக்கினால் அழியும்." உதவிப் பக்கத்தின் அடியில் எழுதியிருக்கிறோம் என்பார்கள். இலவசமாகக் கிடைப்பதில் குறை சொல்லலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். இலவசப் பையில் ஓட்டை இருந்தால் அதையும் சொல்லித்தானே கொடுக்க வேண்டும்?

வரைவைக் காணோம் என்று பதறுகிறவர்கள் முதலில் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். கடைக் கணக்கில் சேமித்ததைச் சொந்தக் கணக்கில் தேடிவிட்டு அழுத ஆள் நான். இன்ஸ்டாகிராமில் உங்கள் பக்கத்தின் ரீல்ஸ் பகுதியில் வரைவுகளுக்கென்று ஒரு கட்டம் இருக்கும். யூடியூப் ஷார்ட்ஸில் கூட்டல் குறியை அழுத்திக் கேமராவுக்குள் போனால்தான் கண்ணில் படும். அதுவும் அந்தப் போனில் மட்டும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரி வரைவுக்கோ ஆயுளே 7 நாள்தான்.

இப்போது நான் செயலியின் கேமராவைத் தொடுவதே இல்லை. போனின் கேமராவில் எடுக்கிறேன், கேலரியில் நிற்கிறது. செயலிக்குள் ஒட்டி வெட்டியதையும் பாட்டுச் சேர்க்கும் முன்பே கேலரிக்கு இறக்கிவிடுகிறேன், ஏனென்றால் அவர்கள் கொடுக்கும் பாட்டைச் சேர்த்தபின் இறக்கினால் ஒலியில்லாமல் ஊமையாக வரக்கூடும். இடம்தான் தொல்லை. ஒரு நிமிட வீடியோவே நூறு எம்பியைத் தாண்டுகிறது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் மின்னஞ்சலும் படங்களும் சேர்ந்தே குடியிருக்கின்றன. அதனால் போனில் நேராகச் செருகும் பென்டிரைவ் ஒன்று வாங்கி, பாபின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு மெஷினுக்கு எண்ணெய் விடும்போது அதில் ஏற்றிவிடுகிறேன்.

பழைய பட்டில் ஜாக்கெட் வெட்டுவதைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்த சகோதரிகள் கொஞ்சம் பொறுங்கள். அப்படி ஒரு புடவை மறுபடி வரட்டும்.