தார்கஷி வேறு, நெட்டூர்ப் பெட்டி வேறு

"பித்தளைக் கோலம் பதித்த இந்த விளக்குத்தண்டு நம்ம திருவிதாங்கூர் நெட்டூர்ப் பெட்டி வேலைதான், கம்பியைப் பசை வைத்து ஒட்டுவார்கள்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை அண்ணே.

இது தார்கஷி. உத்தரப் பிரதேசத்து மைன்புரியின் கைவேலை. நெட்டூர்ப் பெட்டி கேரளத்து மர நகைப்பெட்டி; அதில் பித்தளைப் பட்டையும் பூட்டும் மரத்தின் மேலே ஆணியடித்து நிற்கும். தார்கஷியில் ஷீஷம் என்ற வடநாட்டுக் கடின மரத்தில் மெல்லிய பள்ளம் வெட்டி, தகட்டிலிருந்து நறுக்கிய பித்தளை இழையை அதற்குள் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். மரத்தின் இறுக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். விரலால் தடவினால் மேடு தட்டாது. புள்ளி வேண்டுமென்றால் இழையைக் குட்டிச் சுருளாகச் சுற்றிப் பதிப்பார்கள். என்ன பொறுமை வேண்டும்!

முன்பு பாதக்குறட்டில் (மரச் செருப்பில்) செய்த வேலை, இப்போது விளக்கு, சுவர் அலங்காரம் என்று புது உருவம் எடுக்கிறது. ஒட்டுவேலையை இதே பெயரில் விற்றால் அந்தக் கைவினைஞர்களின் பிழைப்புதான் கெடும்.

நாகர்கோவிலில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஈட்டி மரத்துண்டில் தொடங்கலாம். அது ஷீஷமின் இனத்து மரம்தான். நன்றாக உலர்ந்த துண்டாக எடுங்கள், ஈரமரம் சுருங்கினால் பள்ளம் மாறிவிடும்.