ஜாஸ் ராக் 1970இல்தான் பிறந்ததா?

ராக்கையும் ஜாஸையும் முதன்முதலில் இணைத்தது அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1970இல் வெளியிட்ட ‘பிட்சஸ் புரூ’ இசைத்தொகுப்புதான் என்ற தகவல் பரவலாகப் பகிரப்படுகிறது, அது சரியன்று. அத்தொகுப்பு இவ்வகை இசையைப் பெருந்திரளான ரசிகர்களிடம் சேர்த்தது என்பது உண்மை, அந்தப் பெருமை அதற்கே உரியது. ஆனால் அதற்கு முன்பே வழியமைத்த சிறு குழுக்களை மறந்துவிடுவது பெரும் அநீதி. கிதார் கலைஞர் லாரி கோரியெல் இடம்பெற்ற நியூயார்க்கின் ‘தி ஃப்ரீ ஸ்பிரிட்ஸ்’ குழு, இக்கலவையை வாசித்து 1967இலேயே தன் தொகுப்பை வெளியிட்டிருந்தது. இங்கிலாந்தின் கேன்டர்பரியில் 1966இல் உருவான ‘சாஃப்ட் மெஷின்’ குழுவோ, ராக்கின் தாளக்கட்டுக்குள் ஜாஸின் மனோதர்மத்தை, அதாவது வாசிக்கும் கணத்திலேயே பிறக்கும் கற்பனையை, படிப்படியாகக் கொண்டுவந்தது. டேவிஸேகூட, 1969இல் வெளியான ‘இன் எ சைலன்ட் வே’ தொகுப்பிலேயே ராக்கின் அடையாளமான மின் கிதாரைப் பயன்படுத்தியிருந்தார்.