கப்பலில் இருக்கும்போதே அடுத்த கப்பலுக்குப் பணம் கட்டலாமா?

கட்டலாம் என்பதுதான் என் கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து சுற்றுலாக் கப்பல் ஏறப்போகும் நண்பர்கள் சிலர், "அங்கே அடுத்த பயணத்துக்கு மேசை போட்டு ஆள் பிடிப்பார்களாமே, அந்தப் பக்கமே போகாதே என்கிறார்களே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாகப் போங்கள், உட்காருங்கள், கேள்வி கேளுங்கள். ஆனால் கட்டுகிற பணம் திரும்ப வருமா வராதா என்று தெரிந்துகொள்ளாமல் கார்டை நீட்டாதீர்கள், எந்த மாதம் எந்தத் தேதி என்பதைக் கப்பலில் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பெரிய கப்பல் நிறுவனங்கள் எல்லாமே இதைச் செய்கின்றன. ராயல் கரீபியனில் அந்த மேசைக்கு நெக்ஸ்ட்குரூஸ் என்று பெயர், நார்வீஜியனில் குரூஸ்நெக்ஸ்ட். பிரின்சஸில் கப்பலோ தேதியோ எதையும் தேர்ந்தெடுக்காமல் ஆளுக்கு 100 அமெரிக்க டாலர் கட்டிவிட்டு வந்துவிடலாம், எங்கே எப்போது என்பதை வீட்டுக்கு வந்து யோசித்துக்கொள்ளலாம், இரண்டு ஆண்டு அவகாசம். இப்படிக் கட்டுகிறவர்களுக்குக் கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் கிரெடிட் தருவார்கள், சில சமயம் முன்பணத்தையும் குறைப்பார்கள். அவர்கள் ஏன் இவ்வளவு பிரியமாக இருக்கிறார்கள் என்றால், பயணத் தேதிகளை ஒன்றரை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விற்பனைக்கு விட்டுவிடுகிறார்கள், அந்த அறைகளை நிரப்பியாக வேண்டும். வெளியில் ஒரு புது ஆளைப் பிடிக்க விளம்பரம், சலுகை, தள்ளுபடி என்று எவ்வளவோ கொட்ட வேண்டும். கப்பலில் இருப்பவரோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, காற்று வாங்கிக்கொண்டு, பர்ஸ் எங்கே இருக்கிறது என்றே மறந்து, ஒரு அட்டையைத் தட்டித் தட்டி வாழ்ந்துகொண்டிருக்கிறார். அவரிடம் விற்பதைவிடச் சுலபமான வியாபாரம் உலகத்தில் இருக்கிறதா என்ன.

அந்த கிரெடிட் விஷயத்தில் பலருக்கு ஒரு மயக்கம். பெரும்பாலும் அது கையில் காசாக வராது. கப்பல் கணக்கில்தான் ஏறும், அங்கேதான் தீரும். மசாஜ், காப்பி, புக்கெட் சுற்றுலா என்று கரைத்துவிட்டு, கூடவே கைக்காசையும் போட்டுவிட்டு இறங்குவோம். அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதை டிப்ஸுக்குக் கழிப்பதோடு சரி. ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 அமெரிக்க டாலர் என்று வைத்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், நான்கு இரவு என்றால் 148 டாலர். எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம், அதில் கழிந்தால் நிஜமான மிச்சம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரே அறைக்கு இரண்டு விலை காட்டுவார்கள். ஒன்றில் முன்பணம் திரும்பக் கிடைக்கும், இன்னொன்றில் கிடைக்காது. கிடைக்காதது மலிவு. கணினித் திரையில் பெரிதாகத் தெரிவதும் அதுதான், மேசையில் இருக்கும் அம்மணி புன்னகையோடு விரல் வைத்துக் காட்டுவதும் அதுதான். அதை எடுத்துவிட்டுப் பிறகு தேதியை மாற்றினால் ராயல் கரீபியனில் ஆளுக்கு 100 டாலர் வெட்டுவார்கள், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அதுவே 400. பெரிய சூட் அறை என்றால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும் வகையே கிடையாது. யூடியூபில் அமெரிக்கர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "விலை இறங்கினால் கூப்பிட்டுச் சொன்னால் போதும், குறைத்துக் கொடுப்பார்கள்" என்று நம் ஆட்களும் தைரியமாக இருக்கிறார்கள். அது அங்கே வாழ்கிறவர்களுக்கான விதி ஐயா. எந்த நாட்டு அலுவலகத்தின் பேரில் நம் பதிவு ஏறுகிறதோ அந்த நாட்டு நிபந்தனைதான் நமக்கு. மேசையில் இருப்பவரிடமே "சிங்கப்பூர் நிபந்தனையைக் காட்டுங்கள்" என்று கேட்டு வாசித்துவிடுங்கள். பின்னால் ஆள் நிற்கிறாரே என்று கூச்சப்பட வேண்டாம், அவரும் நாளைக்கு உங்களுக்கு நன்றி சொல்வார்.

எனக்கு உண்மையான பயம் அந்த அம்மணி இல்லை, சாப்பாட்டு மேசைதான். கப்பலில் பக்கத்து மேசையில் ஒரு தமிழ்க் குடும்பம் உட்கார்ந்துவிட்டால் போதும். முதல் நாள் "நீங்க எந்தப் பக்கம்" என்று ஆரம்பிக்கும், இரண்டாம் நாள் பிள்ளைகள் ஒன்றாக நீச்சல் குளத்தில், மூன்றாம் நாள் "அண்ணே, அடுத்த தடவை எல்லாரும் சேர்ந்தே போயிடுவோம், நாலு ரூம் பக்கத்துல பக்கத்துல போட்டுடலாம்" என்று பேச்சு முற்றி, ஐஸ்கிரீம் தீர்வதற்குள் மொத்தக் கூட்டமும் எழுந்து மேசைக்கு நடக்கும். அந்த நேரத்தில் "நாங்க கொஞ்சம் யோசிக்கிறோம்" என்று சொல்பவர்தான் ஊரிலேயே கருமி. ஆனால் தரை இறங்கியதும் ஒருவருக்கு வேலை மாறும், ஒருவரின் மகளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ ஆண்டு வரும், ஒரு அக்காவுக்கு முட்டி வலி, வாட்ஸ்அப் குழுவில் மெல்ல மெல்லக் காலை வணக்கம் மட்டும் மிஞ்சும். அப்போது திரும்ப வராத பணத்தைக் கட்டியவர் யார் பேரில் கோபப்படுவது? யார் பேரிலும் முடியாது, எல்லோரும் நல்ல மனிதர்கள். சேர்ந்து போக ஆசைப்படுங்கள், தப்பே இல்லை, ஆனால் தேதியை வீட்டுக்கு வந்து ஆளாளுக்குப் பேசி முடிவு செய்யுங்கள்.

தேதியை நாம் பார்த்துப் பார்த்து வைத்தாலும் கப்பல்காரர்கள் மாற்றுவார்கள் என்பதும் உண்டு. டிஸ்னி அட்வெஞ்சர் 2025 டிசம்பரில் இங்கிருந்து கிளம்பும் என்றார்கள், பிறகு 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போட்டார்கள். ஆண்டிறுதி விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்திருந்த பெற்றோர் பாடு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதைவிட மோசமானது நிறுவனமே மூழ்குவது. 2022 ஜனவரியில் கெந்திங் ஹாங்காங் நிறுவனத்தைக் கலைக்கும் மனு நீதிமன்றத்துக்குப் போனது, மார்ச்சில் அவர்களுடைய வோர்ல்ட் டிரீம் கப்பல் இங்கிருந்து ஓடுவது நின்றது. கோவிட் காலத்தில் துறைமுகம் எதற்கும் போகாமல் கடலைச் சுற்றிக் காட்டிய கப்பல் அது, நம்மில் எத்தனை பேர் அதில் போனோம். நிறுவனம் கலைக்கப்பட்டால் முன்பணம் கட்டியவரும் கடன் கொடுத்தவர்கள் வரிசையில்தான் போய் நிற்க வேண்டும், அதிலும் பின்னால். அதனால் கட்டுவதைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும். அடுத்த ஐந்து பயணத்துக்கும் சேர்த்து இப்போதே கட்டுகிறேன் என்பதெல்லாம் வேண்டாத வேலை.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துக் கூட்டிப்போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பினாங்கு, புக்கெட் போய்விட்டு சிங்கப்பூருக்கே திரும்பினாலும் நடுவில் நாட்டை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. பலமுறை நுழையும் விசா இல்லாவிட்டால் சிக்கல். ஒன்றரை ஆண்டு கழித்து வரப்போகும் தேதிக்கு இன்றைக்கு விசா வாங்க முடியாது, வயதானவர்களின் உடம்பு அன்றைக்கு எப்படி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அவர்கள் பேரில் போடும் பதிவு கண்டிப்பாகப் பணம் திரும்ப வரும் வகையாகவே இருக்கட்டும்.

விலை ஒப்பிடுவதைப் பற்றிக் கொஞ்சம்: இங்குள்ள பயண ஏஜென்ட்கள் சங்கமான நாட்டாஸ் நடத்தும் சுற்றுலாச் சந்தையில் இதே அறையை ஏஜென்ட்கள் வவுச்சர், தள்ளுபடி என்று சேர்த்து விற்பார்கள். கப்பலில் தருவது எப்போதும் மலிவு என்று நினைக்காதீர்கள். சில சமயம் மலிவு, சில சமயம் இல்லை. வழக்கமான ஏஜென்ட் உங்களுக்கு இருந்தால், கப்பலில் போட்ட பதிவைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் அவர் கைக்கு மாற்றிவிட முடியும். கப்பல் கிரெடிட்டும் போகாது, பிரச்சினை வந்தால் சண்டை போட நமக்கு இங்கே ஒரு மனிதரும் இருப்பார். பலருக்கு இது தெரிவதே இல்லை, மேசையில் இருப்பவர்களும் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

மேசைக்குப் போவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், வரிசை நீளமாக இருக்கும், அவர்களும் அவசரத்தில் தள்ளிவிடுவார்கள். ஏறின அன்றைக்கே மேசை திறக்கும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, முடிந்தால் இரண்டாம் நாளே போய் விலையை எழுதி வாங்கிவந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் தேதி இல்லாத வகையில்தான் கட்டி வைத்திருக்கிறோம். மனைவி அலாஸ்கா என்கிறார், குளிருக்குக் கோட்டு வாங்கவே தனியாகப் பணம் வேண்டுமே, பினாங்கு போதாதா என்று நான் இழுக்கிறேன். சண்டை தீரும்வரை அந்தப் பணம் அங்கேயே கிடக்கட்டும்.