நீலம் தீர்ந்துவிட்டது

தம்பி: இரண்டு வாரம் ஆராய்ந்துவிட்டேன், அண்ணாச்சி. உங்கள் கடைக்கு நீலம்தான் சரி.

அண்ணாச்சி: நீலம் ஏழு மணிக்கே தீர்ந்துவிட்டது, தம்பி. பச்சையில் நான்கைந்து பாக்கெட் கிடக்கும், எடுத்துத் தரட்டுமா?

தம்பி: நான் பாலைச் சொல்லவில்லை, பெயர்ப்பலகையைச் சொல்கிறேன். நிற உளவியலின்படி நீலம் நம்பிக்கையின் நிறம். வங்கிகளும் பேஸ்புக்கும் நீலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சும்மா இல்லை.

அண்ணாச்சி: பேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் ஸக்கர்பெர்க்குக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது என்றும், நீலத்தைத்தான் முழுமையாகப் பார்க்க முடிகிறது என்றும் 2010-இல் ஒரு பத்திரிகையிடம் அவரே சொன்னதை என் மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். எனக்கு எல்லா நிறமும் தெரியும், தம்பி. கடன் நோட்டில் சிவப்பு மையால் எழுதியது இன்னும் நன்றாகத் தெரியும். இந்தத் தெருவில் நீலம் என்றால் ஆவின் பாலில் 3 சதவீதக் கொழுப்பு என்று பொருள்.

தம்பி: அப்படியானால் மஞ்சள் வைக்கலாம். மகிழ்ச்சியின் நிறம், தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும்.

அண்ணாச்சி: கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவினால் மகிழ்ச்சிதான். ஒரு கடைக்காரன் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்றால் என்ன பொருள் என்று உங்கள் அட்டவணையில் போட்டிருக்கிறதா? பலகை மாட்டிய மறுநாளே சரக்குக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் வாசலில் வந்து நிற்பார்கள்.

(அட்டவணையில் அது இல்லை. இத்தகைய அட்டவணைகளில் ஒரு நிறத்துக்கு ஓர் உணர்ச்சி என்றுதான் அளந்து வைத்திருப்பார்கள், ரேஷன் கடையைப் போல.)

தம்பி: கறுப்பும் சிவப்பும்? அதிகாரமும் வேகமும் தெரியும்.

அண்ணாச்சி: வட்டச் செயலாளர் வந்து திறப்பு விழாவுக்குத் தேதி கேட்பார். ஆட்சி மாறினால் பலகையையும் மாற்ற வேண்டியிருக்கும்; அந்தச் செலவு உங்கள் கணக்கா, என் கணக்கா?

தம்பி: பச்சை? புத்துணர்ச்சி.

அண்ணாச்சி: 4.5 சதவீதம்.

தம்பி: ஆரஞ்சு? உற்சாகம்.

அண்ணாச்சி: 6 சதவீதம். பாயசம் வைக்கிற வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். உற்சாகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

தம்பி: நிறத்தைப் பாலிலிருந்து கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், அண்ணாச்சி.

அண்ணாச்சி: நான் பிரித்துவிடுவேன், காலை ஐந்து மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர் பிரிக்க வேண்டுமே. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கொழுப்புக் கணக்கை நிறத்தைச் சொல்லித்தான் கேட்கிறார். அது பிறவியிலேயே வந்த உணர்ச்சி அல்ல, வருடக்கணக்காக வாங்கி வாங்கிப் படிந்த பழக்கம். அதை விடுங்கள். நீங்கள் காட்டிய மாதிரியில் வெளிர்நீலத்தின் மேல் வெள்ளை எழுத்தை வைத்திருக்கிறீர்கள். எதிரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு நம்பிக்கை தெரியும், கடையின் பெயர் தெரியாது.

தம்பி: கடைசியாக ஒன்று சொல்கிறேன். ஊதா. ராஜகம்பீரத்தின் நிறம். விலை கூடுதலாக இருந்தாலும் வாடிக்கையாளர் கேள்வி கேட்க மாட்டார்.

அண்ணாச்சி: 2023-இல் ஊதாப் பாக்கெட் வந்தபோது என் வாடிக்கையாளர் கேட்டதெல்லாம் கேள்விதான். கொழுப்பு 3.5 சதவீதம், விலையோ பச்சைப் பாக்கெட்டின் விலை. ஒரு சதவீதத்தைக் குறைத்துக்கொண்டு அதே பணத்தை வாங்குவதற்குக் கம்பீரம் என்று பெயரா? அப்படியென்றால் இந்த ஆலோசனைக்கு நீங்கள் கேட்கிற 12,000 ரூபாய்க்கும் ஊதாவில் ரசீது அடித்துவிடுங்கள்.

(மடிக்கணினி மூடப்படுகிறது. அது என்ன நிறம் என்று அண்ணாச்சி கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவர் நல்லவர்.)

தம்பி: சரி, அண்ணாச்சி. வீட்டில் அரை லிட்டர் பால் வாங்கிவரச் சொன்னார்கள். பச்சையில் ஒன்று கொடுங்கள்.

அண்ணாச்சி: புத்துணர்ச்சிக்கா, காப்பிக்கா?