இரண்டு சட்டங்களுக்கும் இலக்கம் 9தான்

பல நாளாக மனதுக்குள் கிடந்ததை இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எனக்கு ஒரு சின்னக் கொமினிகேஷன் இருக்கிறது. ரீலோட், போட்டோக்கொப்பி, போன் திருத்துகிற வேலை. போன வருடம் ஒரு பின்னேரம், எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற அக்கா வந்தார். போனைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இத ஒருக்கா நிப்பாட்டித் தாங்க, என்னால ஏலாது" என்றார். போன் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அதிர்ந்து அதிர்ந்தே கண்ணாடியில் அரைச் சாண் நகர்ந்துபோய் ரசீதுப் புத்தகத்தில் முட்டி நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்துக்குள் பதினொரு அழைப்பு, பதினொன்றும் வேறு வேறு இலக்கங்கள்.

மகளின் ரியூஷன் காசுக்கு முட்டுப்பட்டு, குறுஞ்செய்தியில் வந்த ஒரு லிங்கை அமத்தி ஒரு கடன் அப்பை இறக்கியிருக்கிறார். 20,000 ரூபா கேட்டார், கைக்கு வந்தது 14,500. மிச்சத்தைச் சேவைக் கட்டணம் என்று வெட்டிவிட்டார்கள். பதினான்கு நாளில் முழு 20,000உம் வட்டியும் கட்டவேண்டும். ஏற்கனவே கிழமைக் கடன் இரண்டு ஓடுகிற வீடு அது, கட்ட முடியவில்லை. பதினைந்தாம் நாள் காலையில் அவருடைய போனில் இருந்த அத்தனை இலக்கத்துக்கும் ஒரு படம் போயிருக்கிறது. கடன் கேட்டபோது அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி எடுத்து அனுப்பிய அவருடைய செல்ஃபி, அதன் மேல் சிவப்பு எழுத்தில் "இந்த பெண் ஒரு திருடி". எனக்கும் வந்தது. இடியப்பம் வாங்குகிற மூன்று கடைக்காரருக்கும், மகளின் டான்ஸ் ரீச்சருக்கும், கட்டாரில் வேலை செய்கிற தங்கச்சிக்கும், அந்தத் தங்கச்சியின் மாமியாருக்கும் போயிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் யாரும் திருடி என்று சொல்வதில்லை, கள்ளி என்போம். அந்த எழுத்தைப் பார்த்ததுமே இதை எழுதியவர் இந்த மண்ணின் ஆள் இல்லை, அல்லது ஆளே இல்லை, ஏதோ மெஷின் மொழிபெயர்த்துக் கொடுத்தது என்று விளங்கிவிட்டது. பிறகு அந்த அப்புக்கு என்னென்ன அனுமதி போயிருக்கிறது என்று செட்டிங்ஸில் தேடிப் பார்த்தேன். தொடர்பு இலக்கங்கள், புகைப்படங்கள், குறுஞ்செய்தி, இருப்பிடம், எல்லாமே திறந்து கிடந்தன. அந்த அனுமதியைக் கேட்ட பக்கங்கள் முழுக்க ஆங்கிலம். அக்கா எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவமானப்படுத்துகிற நேரம் தமிழ் கிடைத்தவர்களுக்கு அனுமதி கேட்கிற நேரம் தமிழ் கிடைக்கவில்லை. ஒரு பால்மாப் பைக்கற்றில்கூட மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறது.

"அவதானே அமத்தினா, வாங்கின காச அவதானே கட்டணும்" என்று என் கூட்டாளி ஒருவரே சொன்னார். கடனைக் கட்டவேண்டும், அதில் எனக்கு மறுகதை இல்லை. ஆனால் ஊர்க் கடைக்காரர் கடன் கொடுத்தால் வாசலுக்கு வந்து கேட்பார், சத்தம் போடுவார், அதற்கு மேல் போனால் விதானையாரிடம் போவார். மகளின் ரீச்சர் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார். அக்காவின் போனில் இருந்த நூற்றுக்கணக்கான இலக்கங்களில் ஒன்றுகூட அக்காவின் சொத்து இல்லை, என்னுடைய இலக்கமும் அதில் ஒன்று. என் இலக்கத்தைக் கொடுக்கட்டுமா என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

சரி, இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். 2022 மார்ச் 19இல் சபாநாயகர் கையெழுத்து வைத்தார். தெற்காசியாவிலேயே இப்படி ஒரு முழுமையான சட்டம் கொண்டுவந்த முதல் நாடு நாங்கள்தான் என்று மேடைகளில் பெருமையாகப் பேசினார்கள். ஒருவருடைய தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி எடுக்கவேண்டும், அந்தத் தேவைக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அக்காவுக்கு நடந்ததற்கு அப்படியே பொருந்துகிற வரிகள். ஆனால் அந்த முக்கியமான பாகங்கள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வரும் என்று நாள் குறித்தார்கள், கையெழுத்து வைத்து மூன்று வருடம் கழித்து. அந்த நாள் நெருங்கியதும் அதையும் தள்ளிப்போட்டார்கள். கம்பனிகள் தயாராகவில்லை, அவகாசம் வேண்டும் என்று பேசப்பட்டது.

இப்போது மற்றச் சட்டத்தைப் பாருங்கள். இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அதுவும் இலக்கம் 9தான். 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் சட்டமூலம் வந்தது. 2024 ஜனவரி 23, 24 இரண்டு நாள் விவாதம், 108க்கு 62 என்று நிறைவேறியது, பெப்ரவரி 1இல் சபாநாயகர் கையெழுத்து வைத்தாயிற்று. உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சரியாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சி சபாநாயகர்மேல் நம்பிக்கையில்லாப் பிரேரணையே கொண்டுவந்தது, அது தோற்றுப்போனது. அந்தச் சட்டத்துக்கு யாருக்கும் மூன்று வருட அவகாசம் தேவைப்படவில்லை. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு எது பொய், எது விலக்கப்பட்ட கூற்று என்று தீர்மானிக்கலாம், எழுதியவர் சிறைக்குப் போகலாம்.

கம்பனியிடமிருந்து எங்களைக் காப்பாற்றவேண்டிய சட்டம் வருடக்கணக்காக அலுமாரிக்குள் கிடக்கிறது. நாங்கள் எழுதுவதற்காக எங்களைப் பிடிக்கிற சட்டம் ஐந்தே மாதத்தில் ஓடி வந்துவிட்டது. "சோஷல் மீடியாவைக் கட்டுப்படுத்தவேணும்" என்று எங்கள் ஊரிலேயே நல்ல மனதோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்கிறது ஒன்றுதான்: யாரைக் கட்டுப்படுத்த? கம்பனி செய்கிற தொழிலையா, அதில் எழுதுகிற எங்களையா?

இந்த வித்தியாசத்தை எங்கள் கிழக்கு மாகாணம் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை டவுனில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடக்கிறது, மலட்டு மருந்து போட்டாயா என்று கூட்டமாக நின்று சிங்களத்தில் கேட்கிறார்கள். கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாக வராது, பயத்தில் ஓம் என்று சொல்லிவிடுகிறார். அது வீடியோவாகிப் பேஸ்புக்கில் ஓடியது. கடையையும் அடித்தார்கள், பள்ளிவாசலையும் அடித்தார்கள். அந்தக் கட்டி வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பிறகு சொன்னது. நிரந்தரமாக மலடாக்கிவிடுகிற அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை என்று வைத்தியர்களும் சொன்னார்கள். ஆனால் அதற்குள் மார்ச் முதல் கிழமையில் தெல்தெனிய, திகன என்று கண்டிப் பக்கம் எரிந்து முடிந்துவிட்டது.

அங்கேயும் பிழை வந்தது மொழியில்தான். முஸ்லிம்களைக் கொல்லச் சொல்லிச் சிங்களத்தில் எழுதிய பதிவுகளைப் பலபேர் முறைப்பாடு செய்தபோது, எங்கள் விதிமுறைக்கு முரணானது அல்ல என்ற பதில்தான் பேஸ்புக்கிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தது. இந்த நாட்டில் இத்தனை இலட்சம் பேரிடம் விளம்பரம் காட்டிக் காசு பார்த்த கம்பனி, சிங்களமும் தமிழும் வாசித்து விளங்கக்கூடிய ஆட்களைத் தேவையான அளவுக்கு வைத்திருக்கவில்லை. பிறகு ஆர்ட்டிக்கிள் வண் என்ற நிறுவனத்தைக் கொண்டு ஆய்வு செய்வித்து, 2020 மேயில் பேஸ்புக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடமும் இரண்டு மாதமும் கழித்து.

அரசாங்கம் என்ன செய்தது? 2018 மார்ச் 7இல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நிற்பாட்டியது. ஒரு கிழமைக்கு மேல். அடுத்த வருடம் ஈஸ்டர் ஞாயிறு, எங்கள் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் செத்த அன்றும் அதையே செய்தது. ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரரைத் தேடி நின்ற சனத்துக்கு, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு செய்தி அனுப்ப வழியில்லை. அந்தக் குண்டுத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டி அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார்கள். 2017 மார்ச்சில் அங்கே நடந்த அடிதடிக்குப் பிறகு ஆள் தலைமறைவு, ஆனாலும் வீடியோ மட்டும் வந்துகொண்டிருந்தது. சொன்னபோது அதிகாரிகளும் கேட்கவில்லை, கம்பனிகளும் கவனிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு முழு நாட்டுக்கும் வாயைக் கட்டினார்கள். 2022 ஏப்ரல் 3இல் அரகலய என்ற மக்கள் போராட்ட நேரத்தில் மறுபடியும் நிற்பாட்டியபோது, வன்முறை என்ற சாட்டுக்கூட அவ்வளவாக இருக்கவில்லை.

இதனால்தான் எழுதுகிறவரைப் பிடிக்கிற சட்டத்துக்கு நான் எதிர். ரம்ஸி ராசிக் என்பவர், முஸ்லிம்கள் பேனாவாலும் கீபோர்டாலும் கருத்துப் போராட்டம் செய்யவேண்டும் என்று எழுதினார். 2020 ஏப்ரலில் பிடித்தார்கள், ஐந்து மாதத்துக்கு மேல் சிறை. பிடித்தது அவருடைய உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. எங்கள் மாவட்டத்திலும் பேஸ்புக்கில் போட்ட ஒரு படத்துக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போன பெடியன்கள் இருக்கிறார்கள். இந்த நாட்டில் சட்டம் முதலில் யாரைத் தேடி வரும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனால் அதைக் காட்டி, கம்பனிகளை அவர்கள் பாட்டில் விடுங்கள், அவர்களே திருந்துவார்கள் என்று சொல்கிறவர்களோடும் என்னால் ஒத்துப்போக முடியாது. பேஸ்புக்கை வைத்திருக்கிற மெட்டா கம்பனியின் பங்கில் மார்க் ஸக்கர்பெர்க்கிடம் இருப்பது ஏழில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவரிடம் இருக்கிற விசேட பங்கு ஒவ்வொன்றுக்கும் பத்து வாக்கு என்பதால், மொத்த வாக்கில் பாதிக்கு மேல் அவர் ஒருவர் கையில். மற்றப் பங்குதாரர் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தாலும் அவரை அசைக்க முடியாது. அமெரிக்காவில் உண்மை சரிபார்க்கிற வெளியாட்களை நிற்பாட்டப்போகிறோம் என்று 2025 ஜனவரி 7இல் அவரே வீடியோவில் வந்து சொன்னார், அவ்வளவுதான், கதை முடிந்தது. 2021இல் பேஸ்புக்கில் முன்பு வேலை செய்த பிரான்சிஸ் ஹோகன் வெளியில் கொண்டுவந்த உள் ஆவணங்களில் இன்னொரு கணக்கு இருந்தது. பொய்த் தகவலை இனங்காணச் செலவிட்ட நேரத்தில் 87 வீதம் அமெரிக்காவுக்கு, மற்ற உலகம் முழுவதுக்கும் 13 வீதம். அந்த 13க்குள் இந்தியாவும் இருக்கிறது, இந்தோனேசியாவும் இருக்கிறது, மியன்மாரும் இருக்கிறது. ஆரையம்பதிக்கு என்ன மிஞ்சும்?

அவர்கள் தாங்களாகத் திருந்தவில்லை, திருத்தினால் திருந்துகிறார்கள் என்பதற்குக் கண்முன்னே ஒரு சாட்சி இருக்கிறது, அதுவும் இந்தக் கடன் அப் விசயத்திலேயே. 2022 செப்டெம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, கடன் அப்புகள் போனில் உள்ள தொடர்பு இலக்கங்களையும் அழைப்பு விபரங்களையும் தொடக்கூடாது என்று விதி போட்டது. 2023 ஏப்ரலில் கூகிளும் தன் பிளே ஸ்டோரில் கடன் அப்புகள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் எடுக்கக்கூடாது என்று அறிவித்து, மே 31 முதல் அமுலாக்கியது. அதற்கு முன்னம் எத்தனை வருடமாக இந்தியாவிலும் கென்யாவிலும் சனம் கதறியது! செய்ய முடியாத காரியமாக இருந்திருந்தால் மே 31இல் எப்படி முடிந்தது? ஒரு வரி விதிதான். இப்போது அந்தக் கள்ள அப்புகள் ஸ்டோருக்கு வெளியே லிங்காக அலைகின்றன, அதைப் பிடிக்கத்தான் இங்கே ஓர் அதிகாரசபை வேலை செய்யவேண்டும் என்கிறேன்.

தண்டத்தையும் பாருங்கள். ஐரோப்பாவில் தரவுச் சட்டத்தை மீறினால் உலக வருமானத்தில் 4 வீதம் வரைக்கும் போகலாம். 2023 மேயில் மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அடித்தார்கள். எங்கள் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு மீறலுக்கு ஆகக்கூடியது ஒரு கோடி ரூபா. கல்லடியில் ஒரு வளவு வாங்கக் காணாத காசு அது, பெரிய கம்பனிக்கு அது ஒரு மணித்தியாலக் கணக்குக்கூட இல்லை. தண்டம் வருமானத்தோடு சேர்ந்து ஏறவேண்டும், இல்லாவிட்டால் அதை ஒரு செலவாகக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. எந்த அப்பாக இருந்தாலும் அனுமதியைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்கட்டும், அப்படிக் கேட்காமல் வாங்கிய அனுமதி செல்லாது என்று இருக்கட்டும். இலங்கையிலிருந்து தமிழில் வருகிற முறைப்பாட்டை எத்தனை மனிதர்கள் வாசிக்கிறார்கள், எத்தனை மணித்தியாலத்தில் பதில் கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெரிய கம்பனியும் வருடா வருடம் வெளியிடட்டும். கொழும்பில் ஒரு ஆள் பெயரோடு பொறுப்பாக இருக்கட்டும், நீதிமன்றம் கூப்பிட்டால் வருவதற்கு. இதில் எங்கேயும் ஒரு பதிவை அழி என்று நான் சொல்லவில்லை, ஒருவரையும் பிடித்து அடை என்றும் சொல்லவில்லை. எந்தக் கருத்துச் சுதந்திரமும் இதனால் கெட்டுப்போகாது.

அக்கா பழைய சிம்மை விட்டுவிட்டார். மூன்று கடையில் இரண்டு கடைக்காரர் அவரைத் தேடி வந்து திரும்பவும் இடியப்பம் எடுக்கிறார்கள். மற்றவர் இன்னும் வரவில்லை. அவருக்காக நான் தமிழில் ஒரு முறைப்பாடு எழுதி, படங்களையும் இணைத்து, பதிவுத் தபாலில் உரிய இடத்துக்கு அனுப்பினேன். ஏழு மாதம் ஆகிறது, பதிவுத் தபால் துண்டு இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது, பதில் வரவில்லை.

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் இப்படி அகப்பட்ட ஆட்கள் இருந்தால், அந்த ஸ்கிரீன்ஷொட்டுகளை வெட்கத்தில் அழித்துவிடாதீர்கள். வந்த இலக்கம், திகதி, எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு கைக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெயர் தேவையில்லை. பெயரை மறைத்து எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். ஒரு இருபது முப்பது சேர்ந்ததும் இரண்டு மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோருடைய உறுப்பினருக்கும். கூட வரக்கூடியவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் கடை பின்னேரம் ஆறு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கும்.