பாலாறு வறண்டால் ஃபண்டு ஏறுமா?

"உலகத் தண்ணீர் ஃபண்டில் போடுங்கள், தண்ணீர் விலை ஏற ஏறப் பணமும் ஏறும், செபி உத்தரவாதம்" என்று வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

இந்த ஃபண்டு தண்ணீரை வாங்கி வைப்பதில்லை. பம்பு, மீட்டர், சுத்திகரிப்பு, குடிநீர் விநியோகம் என்று தொழில் செய்யும் கம்பெனிகளின் பங்குகளை வாங்குகிறது. சைலம், வியோலியா, அமெரிக்கன் வாட்டர் வொர்க்ஸ் மாதிரி வெளிநாட்டுக் கம்பெனிகள். காட்பாடியில் கேன் தண்ணீர் ஐந்து ரூபாய் கூடினால் அவர்களுக்கு என்ன வந்தது? அமெரிக்காவிலேயே தனியார் குடிநீர்க் கம்பெனி நினைத்தபடி கட்டணத்தை உயர்த்த முடியாது. மாநில ஒழுங்குமுறை ஆணையம் சம்மதிக்க வேண்டும். 2022-ல் வட்டி ஏறியபோது, தட்டுப்பாடு எங்கும் போகவில்லை, ஆனாலும் இந்தப் பங்குகள் இறங்கின.

செபி என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு; ஃபண்டுகளைக் கண்காணிக்கும். லாபத்துக்கு ஜாமீன் நிற்காது. அப்புறம், டாலர் மதிப்பு மாறினாலும் நம் ரூபாய்க் கணக்கு மாறும்.