சுத்தமான ஓவன், திறக்காத கதவு

ஓவன் கடும் சூட்டில் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் செல்ஃப் கிளீன் முடிந்து ஒரு ராத்திரி முழுக்க ஆகிவிட்டது. கண்ணாடியைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஆனால் திரையில் பூட்டுச் சின்னம் அணையவில்லை, கதவும் அசையவில்லை. எரிச்சலாக வருகிறது.

பூட்டு தேவைதான், அதில் சண்டை இல்லை. சுத்தம் நடக்கிற நேரத்தில் உள்ளே சூடு சுமார் 480 டிகிரி செல்சியஸுக்குப் போகிறது. யாராவது திறந்தால் என்ன ஆகும்! என் கோபம் வேறு. அவ்வளவு சூடு வரும் என்று தெரிந்தே, பூட்டு மோட்டார், ஸ்விட்ச், தெர்மல் ஃபியூஸ் (சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற பாகம்) எல்லாவற்றையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். சுத்தம் செய்கிற சூடே அவற்றைப் பழுதாக்கிவிடுகிறது. ஒரு சின்ன ஃபியூஸ் போனதற்கு முழு ஓவனையும் சுவரிலிருந்து இழுத்து, பின்தகட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது. முன்பக்கமே கையால் விடுவிக்க ஒரு வழி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

முதலில் நன்றாக ஆறட்டும். அப்புறம் பிரேக்கரை அணைத்து, சில நிமிடம் விட்டு, மறுபடி போடுங்கள். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டால் கதவை லேசாக உள்ளே அழுத்திப் பிடித்தால் சில சமயம் கொக்கி விடுபடும். கத்தி, ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பவே நெம்பாதீர்கள். கொக்கி வளைந்தால் செலவு இன்னும் ஏறும்.

வீட்டுக்கு வீடு விருந்து சமைக்கிற அமெரிக்கப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வாரம் செல்ஃப் கிளீன் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். அந்தச் சமயத்தில் மெக்கானிக் கிடைப்பது பெரும்பாடு.